மண் தின்ற மிச்சம்

மண் வெட்டுகிற மம்முட்டியை எப்போதும் தோளில் சாய்த்துக்கொண்டுதான் எங்கள் வெள்ளாமைக் காட்டுக்குள் இறங்குவேன். இன்றைக்குக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறேன், அது கணுக்காலில் இடித்துக்கொண்டே வருகிறது, இடிக்கட்டும். அவர் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார், திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். காலை வெயிலில் தோளில் மம்முட்டியோடு ஒரு ஆள் நடந்து போனால் பார்க்கிறவருக்கு என்ன ஞாபகம் வரும், குழி வெட்டப் போகிற ஆளின் ஞாபகம்தான் வரும். சீ, வாயைக் கழுவு மயிலாத்தா. வாயால் எங்கே சொன்னேன், மனசைத்தான் கழுவ வேண்டும், அதற்கு எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. தென்னைக்கு வெட்டாத குழியா, வாழைக்கு வெட்டாத குழியா, கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்த மூலனூர்ச் செம்மண்ணில் நானும் அவரும் வெட்டாத குழியா. இன்றைக்கு வெட்டப் போவது ஒரு சாண் ஆழம். புதைத்து வைத்த துணி ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "தின்னுருக்குதான்னு பாத்துட்டு வா புள்ள" என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். கம்பங்கூழை ஒரு வாய் வாங்கியவர் அடுத்த வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொண்டார். தான் தின்ன மாட்டார், மண் தின்றதா என்று மட்டும் தெரிய வேண்டும். போகிறேன், போய்க்கொண்டேதான் இருக்கிறேன், கால்தான் மெதுவாகப் போகிறது.

தைப் பொங்கல் நோம்பி முடிந்த கையோடு பஞ்சாயத்து ஆபீசில் மண்வளக் கூட்டம் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு ஆபீசரம்மா, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் மேகலா வயசுதான் இருக்கும், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மண்ணுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறதாம். வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைத்து இரண்டு மாசம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டுமாம். நல்ல மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும், அவை துணியைத் தின்றுவிடும், கந்தலாக வந்தால் மண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், முழுசாக வந்தால் மண் செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். கூட்டமே சிரித்தது. பின்னால் இருந்து ஒருத்தர் "பழைய டவுசரப் பொதைக்கலாமுங்களா" என்று கேட்டார், அதற்கும் ஒரு சிரிப்பு. சிரிக்காத ஆள் எங்கள் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். எழுந்து நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, "எந்தத் துணியும் ஆகுமுங்களா" என்று கேட்டார். சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும் ஐயா என்றாள் அந்தப் பெண். சுத்தப் பருத்தி, சுத்தப் பருத்தி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்த உடனே "ஒரு வெள்ளத் துணி எடு புள்ள" என்றார், அடுப்பில் பால் பொங்குகிற நேரம், ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன், கைக்கு முதலில் வந்த வெள்ளையை எடுத்தேன். அதுதான் நான் செய்தது. பால் பொங்கி வழிந்தது வேறு.

கைக்கு முதலில் வந்தது அவருடைய வேட்டி. தீபாவளிக்கு மேகலா எடுத்துக் கொடுத்தது, பச்சைக் கரை போட்டது. ஒரே ஒரு நாள் கட்டினார். அன்றைக்குப் பூராவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டே நடந்தார், "இடுப்புல நிக்க மாட்டீங்குது, வழுக்கீட்டே போகுது" என்றார். வேட்டி வழுக்குகிறது என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் வழுக்கியது வேட்டியா, இல்லை அப்போதே இடுப்பு சிறுத்துவிட்டதா, தெரியவில்லை. தீபாவளிக்கே இருந்ததா அது, அவர் உடம்புக்குள் அப்போதே உட்கார்ந்துகொண்டு வடையும் அதிரசமும் தின்றுகொண்டிருந்ததா. நான் பார்க்கவில்லை. கட்டாத வேட்டிதானே என்று நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வரப்பில் நின்று இங்கே வெட்டு, அங்கே வெட்டு, வரப்போரம் வேண்டாம், மர நிழல் வேண்டாம், எருக்குழிக்குப் பக்கத்தில் வேண்டாம், அதெல்லாம் பொய் சொல்லும் என்று இடம் காட்டிக்கொண்டிருந்தார். நான்தான் வெட்டினேன், நான்தான் வைத்தேன், நான்தான் மண்ணை இழுத்து மூடிக் காலால் மிதித்தேன். காலால் மிதித்தேன். அதன்மேல் ஒரு ஆமணக்குக் குச்சியை நட்டு வைத்தேன். தலைமாட்டில் நடுகிற மாதிரி. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை, அன்றைக்கு அது வெறும் குச்சி.

தோன்ற வைத்தது என் நாத்தனார் பழனாத்தாள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்தவள், பேச்சோடு பேச்சாக நான் துணிக் கதையைச் சொல்ல, காப்பி டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க அண்ணி, உசுரோட இருக்கறவரு வேட்டிய யாராச்சும் மண்ணுக்குக் குடுப்பாங்களா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மீதிக் காப்பியையும் குடித்துவிட்டு, முருங்கைக்காய் நாலு பறித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு மறந்தும் போயிருக்கும். எனக்குள் அது இறங்கிவிட்டது. சோறு வடிக்கும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, அவர் கழுத்தில் எண்ணெய் தடவும்போது, மண்ணுக்குக் குடுப்பாங்களா, மண்ணுக்குக் குடுப்பாங்களா. எண்ணெய் தடவும்போதுதான் கையில் தட்டுப்பட்டது அந்தக் கட்டி, காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு, வலிக்கவே இல்லை என்றார். அது எப்போது. வேட்டியைப் புதைப்பதற்கு முன்னாலா, பின்னாலா. நோம்பிக்கு முந்தின வாரம் எண்ணெய் தேய்த்தேன், அப்போது இல்லை. இல்லையா, நான் பார்க்கவில்லையா. கட்டி முன்னாலா, வேட்டி முன்னாலா. கட்டி முன்னால் என்றால் என்மேல் தப்பில்லை, ஆனால் அத்தனை நாள் கூடவே இருந்தும் பார்க்காத குருடி ஆகிறேன். வேட்டி முன்னால் என்றால். அதற்கு மேல் அந்த நினைப்பு நகராது, சேற்றில் மாட்டின வண்டிதான். மேகலாவிடம் சொன்னால் "அம்மா, படிச்ச புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படிப் பேசறியே" என்பாள். அவள் சொல்வதும் சரிதான். சரி என்று தெரிந்துகொண்டே பயப்படுகிறேன், தெரிவதும் பயமும் வேறு வேறு தோட்டத்துக் கிணறு போல இருக்கிறது, ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்கு வருவதில்லை.

எடுத்துவிடலாம் என்று எத்தனை நாள் வந்திருக்கிறேன். மாட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கில் வந்து குச்சிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, மண்ணின்மேல் கையை வைத்து, வைத்த கையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நடுவில் எடுத்தால் பரிசோதனை கெட்டுவிடும். பரிசோதனை கெட்டால் அவர் முகம் போகிற போக்கை யார் பார்ப்பது. இந்த மண்ணுக்காக அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். மூட்டை மூட்டையாக உப்பு உரம் போட்டுப் போட்டு இந்தக் காடு சுட்ட ஓடாகக் கிடந்தது, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே ஓடிப் பள்ளத்துக்குப் போய்விடும், மம்முட்டி போட்டால் டங்கென்று திருப்பி அடிக்கும். ஒருநாள் கையில் ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மயிலு, இதுல வாசமே இல்ல" என்றார், செத்த வீட்டுக்குப் போய்வந்த குரலில். அன்றோடு உரம் வாங்குவதை நிறுத்தினார். பல தானியத்தைக் கலந்து விதைத்தார், பூக்கும்போது அப்படியே மடக்கி உழுதார், கீழூர் ஆட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஆட்டெருவுக்காகப் பட்டி போட்டார். ஊரில் சிரித்தார்கள், வெள்ளாமையை உழுது போடுகிற கிறுக்கன் என்று. நானும் திட்டினேன், நன்றாகவே திட்டினேன், வாய்க்கு நான் குறை வைத்ததில்லை. போன வருசம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் "மயிலு, ஓடியா, ஒறம்பர வந்துருக்குது" என்று கத்தினார். யாரோ சொந்தக்காரர்கள் என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஒரே ஒரு மண்புழு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதற்குக் காப்பி போட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது. அதனால் நான் வேண்டிக்கொள்வதற்கே வழியில்லாமல் போயிற்று. விளக்கேற்றிவிட்டு நிற்கிறேன், என்ன கேட்பது. துணி முழுசாக வர வேண்டும் என்று கேட்டால் இந்த மண் செத்துப்போயிருக்க வேண்டும் என்று கேட்கிறேன், அவருடைய மண், அவர் பிழைக்க வைத்த மண். மண் பிழைத்திருக்க வேண்டும் என்று கேட்டால் அது அவர் வேட்டியைத் தின்றிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இரண்டையும் கொடு, எப்படியாவது இரண்டையும் கொடு என்று கடைசியில் கேட்டுவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கழுத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சின்ன பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினார்கள். பொங்கியண்ணன் என்று எழுதத் தெரியாமல் பொன்னண்ணன் என்று எழுத, நான் சண்டை போட்டு மாற்ற வைத்தேன், வேறு யாருடைய முடிவோ எங்களுக்கு வந்துவிடக் கூடாது. வந்தால்தான் என்ன, நல்ல முடிவாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாமே என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது, அடுத்த வீட்டு நல்லதைத் திருட நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அந்த ஆபீசரம்மா பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது ஒரு இடத்தில் எடுத்தால் போதாது என்றாள், காடு முழுக்க வளைந்து வளைந்து நடந்து, பல இடத்தில் எடுத்து, கலந்து, கலந்ததை நாலாகப் பிரித்து அதிலிருந்து எடுத்தால்தான் உண்மை தெரியும் என்றாள். மண்ணுக்கே அவ்வளவு என்றால் மனுசனுக்கு ஒரே ஒரு இடத்தில் எடுத்துவிட்டு எப்படிச் சொல்வார்கள். கழுத்து கெட்டிருந்தால் கை கெட்டிருக்குமா, இந்த மண்ணைப் பிசைந்த கை. சாயந்தரமானால் ஒரு கைப்பிடி மண் எடுத்து உருண்டை பிடித்துக் கட்டை விரலால் தொடுவார், தொட்டதும் உதிர வேண்டும், உதிர்ந்தால் அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடப் போகும். இப்போது நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் மண்ணை, கட்டிலுக்கு. அவர் பிடித்துப் பார்க்கிறார், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறேன். "எப்பிடி இருக்குதுங்க" என்று கேட்டால் "நல்லாருக்குது" என்கிறார், மண்ணைச் சொல்கிறாரா உடம்பைச் சொல்கிறாரா, நானும் கேட்டதில்லை. முடிவு இன்றைக்கு வரும். மேகலாவே நேரில் போய் வாங்கிக்கொண்டு கூப்பிடுகிறேன் என்றாள். போனை அவர் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். கையில் வைத்திருக்கத் தைரியம் வரவில்லை.

குச்சி இருக்கிறது. சாய்ந்து கிடக்கிறது, கரையான் ஏறியிருக்கிறது. மம்முட்டியைப் போடுகிறேன், சத்தமே இல்லை, டங்கென்று அடித்த மண் இப்போது ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது. பதமாக இருக்கிறது. ஒரு சாண் ஆயிற்று, துணியைக் காணோம். இன்னும் கொஞ்சம் எடுக்கிறேன், மம்முட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளுகிறேன், மண்தான் வருகிறது, கறுத்த ஈர மண், அதற்குள் நெளிகிற புழு, ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று. துணி இல்லை. ஒரு நூல்கூட இல்லை. தின்றுவிட்டது. முழுசும் தின்றுவிட்டது. அந்த நேரத்திலும் மூக்குக்கு வாசம் வருகிறது, புது மழைக்குப் பிறகு வருமே, அந்த வாசம், எத்தனை வருசமாக இந்தக் காட்டில் இல்லாத வாசம். ஆகா, என்ன மண் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் மண்ணை அள்ளின கையையே வெட்டிப் போடலாம் போல வந்தது. புருசனைத் தின்கிற மண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். கொடு, கொடு என்று கைமாற்றிக் கைமாற்றித் தோண்டுகிறேன், நகத்துக்குள் மண் ஏறுகிறது, குச்சி சாய்ந்து விழுந்த திசையை நான் பார்க்கவில்லை, குழியைத் தள்ளிப் போட்டுவிட்டேனோ என்று இடது பக்கம் கையை விடுகிறேன். விரலில் என்னவோ வழுக்குகிறது. பச்சை. பச்சைக் கரை.

இழுக்கிறேன். வருகிறது. கிழியாமல் வருகிறது, மடிப்பு மடிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. இந்த முனை இருக்கிறது, அந்த முனை இருக்கிறது, நடுவில் ஓட்டை இல்லை. முழுசு. முழுசாக இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது, அய்யா, என் சாமி, முழுசாகக் கொடுத்துவிட்டாய். மண் செத்துக் கிடக்கட்டும், எக்கேடும் கெடட்டும், உப்பு மூட்டையைக் கொண்டுவந்து நானே கொட்டுகிறேன். அவரிடம் என்ன சொல்வது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுந்து நின்று இரண்டு முனையையும் பிடித்து உதறுகிறேன். உதறும்போதுதான் கைக்குத் தெரிகிறது. கனமே இல்லை. வேட்டியை உதறினால் படார் என்று ஒரு சத்தம் வரும், கல்யாணமான நாளிலிருந்து உதறிக் காயப்போடுகிற எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா, அது வரவில்லை. தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறேன். வெயில் அப்படியே உள்ளே வருகிறது. கொசுவலைக்குள் நிற்கிற மாதிரி நிற்கிறேன். நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, கரை இருக்கிறது, வேட்டி என்று சொல்வதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது, உள்ளே இருந்த நூல்தான் இல்லை. அதன் வழியாக வேப்ப மரம் தெரிகிறது, காலியான கட்டில் தெரிகிறது. காலியான. அப்புறம் அவர் தெரிகிறார். வரப்பில் நடந்து வந்துகொண்டிருக்கிறார், எத்தனை நாளைக்குப் பிறகோ தானாக எழுந்து, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு. சட்டை போடாத உடம்பு. தோள் இருக்கிறது, கை இருக்கிறது, அவர் நடை அப்படியே இருக்கிறது. நான் துணியைக் கீழே இறக்கவில்லை. இறக்கினாலும் அப்படித்தான் தெரிவார் என்று பயமாக இருந்தது.

வந்து நின்று மூச்சு வாங்குகிறார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டுகிறார்.

"துணியக் குடு புள்ள."

"மேகலா கூப்புட்டாளாங்க?"

"மொதல்ல துணி."

கொடுத்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறார். அப்புறம் சிரிக்கிறார், மண்புழுவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு.

"இது பாலிஸ்டர் கலந்தது மயிலு. கடக்காரன் புள்ளைய ஏமாத்திப்போட்டான். மண்ண ஏமாத்த முடியல பாரு. பருத்தி நூலப் பூராத் தின்னுபோட்டு, ஆகாதத மட்டும் உட்டு வெச்சிருக்குது. எத்தன சுத்தமாத் தின்னுருக்குது பாரு. பொழச்சுக்கிச்சு புள்ள, காடு பொழச்சுக்கிச்சு."

"அது உங்க வேட்டிங்க" என்றேன். "தீவாளி வேட்டி. நாந்தான் அவசரத்துல..."

"தெரியும். பச்சக் கரைய அன்னிக்கே பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா நின்னீங்க?"

"இடுப்புல நிக்காத வேட்டி எனக்கெதுக்கு."

அவர் மெதுவாகக் குனிந்து குழியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துக் கட்டை விரலால் தொடுகிறார். உதிர்கிறது. உதிர்ந்ததைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்களாம். உன்னையும் கூட்டீட்டு வரோணுமாம்."

இதுவரைக்கும் டாக்டர் ஒரு தரமும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை. நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், கூட்டம் பார்த்துக்கொண்டு. நல்ல சேதி சொல்ல எந்த டாக்டர் பெண்டாட்டியையும் சேர்த்துக் கூப்பிடுகிறார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கட்டிலை விட்டு இறங்கி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், வீட்டுக்குள் வைத்துச் சொல்லாமல், இங்கே, இந்த மண்ணை வைத்துக்கொண்டு சொல்ல. நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் குழியைப் பார்க்கிறார்.

"தொறந்த குழிய அப்பிடியே உட்டுட்டு வரக் கூடாது" என்று துணியை என்னிடம் நீட்டுகிறார். "அதயும் உள்ளயே போட்டு மூடிரு."

வாங்கிக்கொண்டேன். குழியைக் காலால் தள்ளி மூடவில்லை, உட்கார்ந்து இரண்டு கையாலும் மூடினேன், குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். வேட்டியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தேன். எலும்புதான் கைக்குள் வந்தது, கெட்டியாகப் பிடித்தேன்.

"துணிய ஏம்புள்ள உள்ள போடல?"

"தின்ன வரைக்கும் தின்னுட்டுது" என்றேன். "மிச்சம் எனக்கு வேணும்."